பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டை எப்படி நம்புவது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வயதான ஆண்களுக்கு வரும் சிறுநீர்த் தொந்தரவு பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: புரோஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. சிலர் ரிப்போர்ட்டின் நகலையே இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். நெடுங்காலம் லேபில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிடுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 61 வயது, தறி ஓட்டுகிறேன். மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்தார்கள், பி.எஸ்.ஏ. 6.8 என்று வந்தது. வீட்டில் அழுகையே வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து வேறு லேபில் கொடுத்தால் 4.9 என்கிறார்கள். எது சரி, எந்த லேப் தப்பு செய்தது? – வாசகர், அம்மாப்பேட்டை

இரண்டுமே சரியாக இருக்கலாம் ஐயா. முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

பி.எஸ்.ஏ. என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி தயாரிக்கும் ஒரு புரதம். விந்துவை இளக்குவதுதான் அதன் வேலை. அதில் மிகச் சிறிய அளவு ரத்தத்தில் கசிகிறது, அந்தக் கசிவைத்தான் ஒரு மில்லிக்கு இத்தனை நானோகிராம் என்று லேபில் அளக்கிறோம். புற்றுநோய் வந்தாலும் கசிவு கூடும், வயதாகி சுரப்பி பெருத்தாலும் கூடும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் கூடும், சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட்டிருந்தாலும் கூடும். சுரப்பியில் ஏதோ நடக்கிறது என்று மட்டும்தான் அந்த எண்ணால் சொல்ல முடியும். 4க்கும் 10க்கும் நடுவில் வந்தவர்களுக்கு பயாப்சி, அதாவது ஊசியால் சுரப்பியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனை, செய்து பார்த்தால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்று இருக்கிறது, மீதி மூன்று பேருக்கு வேறு காரணம்.

இப்போது உங்கள் இரண்டு எண்களுக்கு வருகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியை இரண்டு கடைத் தராசில் போட்டால் இரண்டு எடை வருவது எப்படியோ அப்படித்தான் லேபில் பி.எஸ்.ஏ. அளக்கப் பயன்படும் கிட்டுகளும், எல்லாம் ஒரே படிக்கல்லை வைத்து அளப்பதில்லை. ஆரம்பத்தில் வந்த ஹைப்ரிடெக் என்ற கிட்டின் கணக்கில்தான் "4க்கு மேல் போனால் கவனி" என்ற எல்லை உருவானது. பிற்பாடு உலக சுகாதார நிறுவனம் எல்லாக் கிட்டுக்கும் பொதுவாக 96/670 என்ற எண்ணில் ஒரு தர அளவைக் கொண்டு வந்தது. அதன்படி சரி செய்த கிட்டில் அதே ரத்தம் 20 முதல் 25 சதவீதம் குறைவாகக் காட்டும், அதாவது பழைய கணக்கின் 4 இங்கே கிட்டத்தட்ட 3.1. முகாமில் பழைய கணக்குக் கிட்டும் இரண்டாவது லேபில் புதுக் கணக்குக் கிட்டும் இருந்திருந்தால், உங்கள் 6.8 அங்கே 5.3 போலத்தான் வந்திருக்கும். 5.3க்கும் 4.9க்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஆளின் உடம்பில் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகிற வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும், 15 சதவீதம் வரை அப்படி ஆடுவது சாதாரணம். நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டிலும் எந்த மெஷின், எந்தக் கிட், எந்தத் தர அளவு என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான். அந்த ஒரு வரி இருந்திருந்தால் உங்கள் வீட்டில் பாதி அழுகை நின்றிருக்கும்.

2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 972 ஆண்களின் ரத்தத்தைப் பல வருடம் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒரு முறை 4க்கு மேல் போனவர்களில் 44 சதவீதம் பேருக்குப் பிந்தைய பரிசோதனையில் அது தானாகவே இயல்புக்கு இறங்கியிருந்தது. அதனால் ஓர் எண்ணை மட்டும் வைத்து பயாப்சிக்கு ஓடவும் கூடாது, "இரண்டாவது தடவை குறைந்துவிட்டது, அப்புறம் என்ன" என்று விட்டுவிடவும் கூடாது. உங்களுடைய 4.9உம் எல்லைக்கு மேல்தானே.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்து கிருமி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மருந்து சாப்பிட்டு முடித்து ஆறிலிருந்து எட்டு வாரம் விடுங்கள், இல்லாவிட்டாலும் அதே அளவு இடைவெளி நல்லதுதான். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம், கடுமையான உடற்பயிற்சியும் வேண்டாம். சைக்கிள் மிதித்தால் கூடுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, இருந்தாலும் இரண்டு நாள் சைக்கிளை ஓரமாக வைப்பதில் நஷ்டமில்லை. இரண்டாவதாகக் கொடுத்த லேபிலேயே, அதே கிட்டில் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை நிபுணரான யூராலஜிஸ்டைப் பாருங்கள், நம் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கே போகலாம். ஆசனவாய் வழியாக விரலால் சோதிப்பார்கள், அதற்குக் கூச்சப்படாதீர்கள். சிறுநீரில் ரத்தம் போனாலோ, முதுகெலும்பில் விடாத வலி இருந்தாலோ இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது, இன்றைக்கே போங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது, காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பி.எஸ்.ஏ. 5.6 வந்ததால் டாக்டர் ஃப்ரீ பி.எஸ்.ஏ.வும் பார்க்கச் சொன்னார். காலை எட்டு மணிக்கு மலையிலேயே ரத்தம் எடுத்தார்கள், சாயங்காலம்தான் சேலத்துக்குக் கொண்டு போனதாகச் சொன்னார்கள். 9 சதவீதம் என்று வந்திருக்கிறது. 10க்குக் கீழே போனால் கேன்சர் உறுதி என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? – வாசகர், ஏற்காடு

தம்பி, அப்பாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம், ஏனென்றால் சொல்வதற்கு உறுதியாக எதுவும் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்த 9 இல்லை, "காலை எட்டு மணி – சாயங்காலம்" என்ற வரிதான்.

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. இரண்டு விதமாக ஓடுகிறது. பெரும்பகுதி வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போகும், கொஞ்சம் தனியாகப் போகும். தனியாகப் போவதுதான் ஃப்ரீ பி.எஸ்.ஏ. புற்றுநோய் இருப்பவர்களுக்கு இந்தத் தனிப் பங்கு குறைவாக இருக்கும், வெறும் வீக்கம் என்றால் கூடுதலாக இருக்கும். மொத்தம் 4க்கும் 10க்கும் நடுவில் இருக்கும்போது இந்த விகிதம் நன்றாகவே உதவும். 1998இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி 25 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான் புற்று இருந்தது, 10க்குக் கீழே இருந்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு இருந்தது. அதாவது அந்த 9 உண்மையான 9 ஆகவே இருந்தாலும் உறுதி என்ற பேச்சுக்கு இடமில்லை, ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

ஆனால் அது உண்மையான 9தானா? டியூபில் எடுத்த ரத்தம் அரை மணி நேரத்தில் உறைந்துவிடும். உடனே அதைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் இதைச் செய்து குளிரில் வைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கப் போகிறது என்றால் சீரத்தை ஃப்ரீசரில் உறைய வைத்துவிட வேண்டும். சிவப்பணுக்களோடு அப்படியே கிடந்தால், அதுவும் அறைச் சூட்டில் கிடந்தால், மொத்த பி.எஸ்.ஏ. பெரிதாக மாறாது, ஃப்ரீ பி.எஸ்.ஏ. மட்டும் வேகமாகச் சிதையும். இப்போது கணக்கைப் பாருங்கள். விகிதம் என்பது ஃப்ரீயை மொத்தத்தால் வகுப்பது. கீழே உள்ளது அப்படியே நிற்க, மேலே உள்ளது மட்டும் கரைகிறது. விகிதம் குறையும், ரிப்போர்ட் புற்றுநோய்ப் பக்கம் சாயும். தாமதத்தால் வருகிற தவறு எப்போதும் ஒரே திசையில்தான், பயமுறுத்துகிற திசையில்.

புரோஸ்டேட் ஹெல்த் இண்டெக்ஸ் என்று இன்னொரு பரிசோதனை இருக்கிறது, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012இல் ஒப்புதல் கொடுத்தது. புரோ பி.எஸ்.ஏ. என்ற துணுக்கையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள், பி.எஸ்.ஏ.வைத் தனியாகப் பார்ப்பதைவிடத் தெளிவான பதில் கொடுக்கும். அதற்கு இந்த நேரக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. பிரிக்காத ரத்தத்தில் அந்தத் துணுக்கின் அளவு ஏறிக்கொண்டே போகும், ஃப்ரீ இறங்கிக்கொண்டே போகும், அதனால் இண்டெக்ஸ் இரண்டு பக்கமும் சேர்ந்து பொய்யாக உயரும். மூன்று மணி நேரத்துக்குள் சுற்றியே ஆக வேண்டும். நல்ல பரிசோதனையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அந்த டியூப் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற வழியையும் யாராவது யோசிக்க வேண்டும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மலையில் இருப்பவர் என்பதற்காக ஒருவருக்குத் தரம் குறைந்த எண் கிடைப்பது நியாயமே இல்லை. ரத்தம் எடுக்கும் இடத்தில் சின்ன சென்ட்ரிஃபியூஜ் ஒன்றும், சீரத்தைத் தனியாகப் பிரித்து நிறுத்தும் ஜெல் டியூபும், ஐஸ் பேக் வைத்த பெட்டியும் இருந்தால் இந்தப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு தேவையில்லாத பயாப்சிக்கு ஆகிற செலவையும் வலியையும் நினைத்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

சரி, இப்போது அப்பாவுக்கு என்ன செய்யலாம். முடிந்தால் ஒரு நாள் காலை பஸ்ஸில் அவரையே சேலத்துக்குக் கூட்டி வாருங்கள், மெஷின் இருக்கிற மெயின் லேபிலேயே ரத்தம் கொடுக்கட்டும். முன்னாடியே போன் போட்டு ஃப்ரீ பி.எஸ்.ஏ. அங்கேயே ஓட்டுகிறார்களா, வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா, அனுப்பினால் உறைய வைத்துத்தான் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். இறங்கி வர முடியாது என்றால் மலையில் எடுக்கிற இடத்தில் மூன்று கேள்வி: இங்கேயே சுற்றுவீர்களா, எத்தனை மணிக்கு வண்டி கிளம்பும், ஐஸ் பெட்டி உண்டா. அப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள், வேலை தெரிந்த டெக்னீஷியனுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

புதிய ரிப்போர்ட்டும் குறைவாகவே வந்தால் டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். இப்போதெல்லாம் பயாப்சிக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. பார்ப்பது நல்ல வழக்கமாகி வருகிறது, சந்தேகமான இடம் எது என்று தெரிந்துகொண்டு ஊசி போடலாம். சுரப்பியின் அளவும் தெரிந்துவிடும். பி.எஸ்.ஏ.வை அந்த அளவால் வகுத்து 0.15க்குக் கீழே வந்தால் சந்தேகம் குறையும். அப்பாவின் 5.6ஐ 60 மில்லி சுரப்பியால் வகுத்தால் 0.09, அதுவே 25 மில்லி சுரப்பி என்றால் 0.22. ஒரே எண், இரண்டு கதை.

கேள்வி: வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டுமா? – வாசகர், எடப்பாடி

வேண்டாம். சாப்பிட்டுவிட்டே கொடுக்கலாம். கூடவே சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்கிறார்கள் என்றால் அவற்றுக்காக வெறும் வயிறு கேட்பார்கள், அது வேறு.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயது. முடி கொட்டுகிறது என்று இரண்டு வருடமாக ஃபினாஸ்டிரைட் மாத்திரையும், பயோட்டின் கேப்சூலும் சாப்பிடுகிறார். ஹெல்த் செக்கப்பில் பி.எஸ்.ஏ. 1.9, நார்மல் என்று போட்டிருக்கிறது. அவருடைய அப்பாவுக்குப் புரோஸ்டேட் கேன்சர் இருந்தது. நிம்மதியாக இருக்கலாமா? – வாசகி, ஆத்தூர்

மாத்திரையின் பெயரையும் மாமனார் விஷயத்தையும் சேர்த்து எழுதினீர்களே அம்மா, அதற்கு முதலில் நன்றி. ரத்தம் எடுக்கிற இடத்தில் இந்த இரண்டையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஃபினாஸ்டிரைட் பி.எஸ்.ஏ.வைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைத்துவிடும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் சாப்பிட்டாலே இது நடக்கும், முடிக்காகச் சாப்பிடும் சின்ன டோஸிலும் நடக்கும். புரோஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டூட்டாஸ்டிரைடும் அப்படித்தான். டாக்டர்கள் வழக்கமாக ரிப்போர்ட்டில் வந்ததை இரண்டால் பெருக்கிப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டுக்காரரின் 1.9 அப்படிப் பார்த்தால் 3.8. 54 வயதில், அப்பாவுக்கு நோய் இருந்த குடும்பத்தில், 3.8ஐ நார்மல் என்று மடித்து வைக்க நான் சொல்ல மாட்டேன். பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நிறுத்தினால் கணக்கு இன்னும் குழம்பும். மாத்திரை சாப்பிடும்போது மிகக் குறைவாக இறங்கிய அளவு எது என்று குறித்து வையுங்கள், அதிலிருந்து மேலே ஏறத் தொடங்கினால், 2க்குள்ளேயே இருந்தாலும், டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

அடுத்து பயோட்டின். ஒரு நாளைக்கு உடம்புக்கு 30 மைக்ரோகிராம் போதும். முடிக்கு விற்கிற கேப்சூலில் 10 மில்லிகிராம் வரை இருக்கிறது, அது முந்நூறு மடங்குக்கும் மேல். சில மெஷின்களில் பி.எஸ்.ஏ.வைப் பிடித்து நிறுத்துவதற்கே பயோட்டினைக் கொக்கி மாதிரி பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் பயோட்டின் நிரம்பி வழிந்தால் அந்தக் கொக்கி மாட்டாது, பி.எஸ்.ஏ. இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2017இல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அதன் பிறகு நிறைய கிட்டுகளைத் திருத்திவிட்டார்கள், பழைய வகை எங்கே ஓடுகிறது என்று வாசலில் நிற்கிற நமக்குத் தெரியாது. அதனால் மூன்று நாள் கேப்சூலை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள், பயோட்டின் சாப்பிட்டதையும் சொல்லுங்கள்.

கேள்வி: சார், நான் சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டை இன்னும் துல்லியமாக்க என்ன செய்யலாம்? முதலாளி பெரிய மெஷின் வாங்க மாட்டார். – வாசகி, சூரமங்கலம்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்தது. பெரிய மெஷின் இல்லாமலே நிறைய செய்யலாம்.

கன்ட்ரோல் (மதிப்பு முன்பே தெரிந்த சாம்பிள்) ஓட்டாமல் ஒரு நாளும் பேஷண்ட் சாம்பிள் ஓட்டாதீர்கள், அதிலும் 4க்குப் பக்கத்தில் மதிப்புள்ள ஒரு கன்ட்ரோல் கட்டாயம் இருக்கட்டும், முடிவு மாறுகிற இடம் அதுதான். அதை லீவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில், அதாவது கன்ட்ரோல் மதிப்பை நாள்வாரியாகக் குறிக்கும் வரைபடத்தில், கையாலேயே புள்ளி வையுங்கள். ஒரு வாரம் புள்ளிகள் ஒரே பக்கமாக நகர்ந்தால் கன்ட்ரோல் எல்லைக்குள் இருந்தாலும் ஏதோ மாறியிருக்கிறது. ரீஏஜென்ட் லாட் (கிட்டின் ரசாயனம் வரும் தயாரிப்புத் தொகுதி) மாறும்போது பழைய லாட்டில் பார்த்த சாம்பிள் சிலவற்றை எடுத்து வைத்துப் புது லாட்டிலும் ஓட்டிப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி. நடத்துகிற வெளித் தரக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேரச் சொல்லி முதலாளியைக் கேளுங்கள். அவர்கள் அனுப்புகிற சாம்பிளை நீங்கள் ஓட்டி மதிப்பை எழுதி அனுப்பினால், அதே கிட் வைத்திருக்கிற மற்ற லேப்களோடு ஒப்பிட்டு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்வார்கள். லேப்களுக்கான தேசிய அங்கீகாரமான என்.ஏ.பி.எல். வாங்குவது பிறகு பார்த்துக்கொள்ளலாம், இது முதலில்.

ரத்தம் எடுக்கும் மேஜையில் ஒரு சின்னத் தாள் வையுங்கள்: சிறுநீர்த் தொற்று, டியூப் போட்டது, பயாப்சி, ஃபினாஸ்டிரைட் அல்லது டூட்டாஸ்டிரைட், பயோட்டின், கடைசி இரண்டு நாளில் தாம்பத்தியம் அல்லது கடுமையான உடற்பயிற்சி. ஆமாம், இல்லை என்று டிக் அடித்தால் போதும், பேச வெட்கப்படுகிறவர்கள் டிக் அடிப்பார்கள். பயாப்சி செய்தவர் என்றால் ஆறு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். அந்தத் தாளில் உள்ளதை ரிப்போர்ட்டின் அடியிலும் போடுங்கள், கிட் பெயரையும் போடுங்கள்.

எப்போதாவது ஆளுக்கும் எண்ணுக்கும் பொருந்தவே பொருந்தாத மதிப்பு வரும். அந்த சாம்பிளைப் பாதியாக நீர்க்கச் செய்து ஓட்டுங்கள், மதிப்பும் பாதியாக வராவிட்டால் ரத்தத்தில் உள்ள வேறு ஆன்டிபாடி கிட்டைக் குழப்புகிறது என்று சந்தேகிக்கலாம். வேறு கம்பெனிக் கிட் உள்ள லேபுக்கு அனுப்பி ஒப்பிட்ட பிறகே கையெழுத்துக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, "0 – 4 நார்மல்" என்று மட்டும் அச்சடிப்பதை மாற்ற முடியுமா பாருங்கள். 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 4க்குள் இருந்தவர்களுக்கும் பயாப்சி செய்து பார்த்தார்கள், 15 சதவீதம் பேருக்குப் புற்று இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை தீவிரம் குறைந்தவை என்றாலும், நார்மல் என்ற ஒரு சொல் கொடுக்கிற நம்பிக்கை அந்த எண்ணுக்கு மீறியது.

கேள்வி: போன வருடம் புரோஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள். முதல் ரிப்போர்ட் "0.1க்குக் கீழே". இப்போது வேறு லேபில் 0.04. ஏறுகிறதா? – வாசகர், மேட்டூர்

இதை வைத்து ஏறுகிறது என்று சொல்ல முடியாது. முதல் லேபின் மெஷின் 0.1க்குக் கீழே எண் சொல்லாது, இரண்டாவது சொல்கிறது, அவ்வளவுதான். ஆபரேஷன் ஆனவர்களுக்கு 0.2ஐத் தாண்டி, இன்னொரு பரிசோதனையிலும் அது உறுதியானால்தான் நோய் திரும்பியதாக எடுத்துக்கொள்வார்கள். இனிமேல் நுணுக்கமாக அளக்கிற அந்த ஒரே லேபில் தொடருங்கள், எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. வருடா வருடம் பி.எஸ்.ஏ. பார்க்கிற பேக்கேஜ் எடுக்கலாமா? – வாசகி, அஸ்தம்பட்டி

என் பதில், வேண்டாம். ஐரோப்பாவில் 55 முதல் 69 வயது வரை உள்ள ஆண்களை 23 வருடம் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில், பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய்ச் சாவு 13 சதவீதம் குறைந்தது. 456 பேரை அழைத்தால் ஒருவர் உயிர் பிழைக்கிறார். அந்த லாபம் கிடைக்கவே அத்தனை வருடம் ஆகிறது. 70 வயதுக்கு மேல் தொந்தரவு இல்லாதவர்களுக்கு வழக்கமாகப் பார்க்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்புச் சேவைக் குழு 2018இல் சொல்லியிருக்கிறது. இந்த வயதில் மெதுவாக வளரும் புற்று ஒன்று கண்ணில் பட்டால், அதனால் சாகாத மனிதர் சிகிச்சையால் சிறுநீர் கசிந்து கஷ்டப்பட நேரிடலாம். அந்தப் பேக்கேஜ் பணத்தில் அவருக்குக் கண்ணும் காதும் சோதித்துப் பாருங்கள். சிறுநீர் போக முக்குகிறார், ரத்தம் தெரிகிறது, எலும்பு வலிக்கிறது, காரணமில்லாமல் இளைக்கிறார் என்றால் அப்போது கேள்வியே வேறு, வயதைப் பார்க்காமல் யூராலஜிஸ்டிடம் கூட்டிப் போங்கள். 55லிருந்து 69க்குள் அண்ணனோ வீட்டுக்காரரோ இருந்தால் இந்தப் பேச்சை அவர்களோடு பேசுங்கள், பார்ப்பதா வேண்டாமா என்று டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான்.